வீட்டுக்கு அனுமதி: சுயசான்றா, வழக்கமான முறையா?

அக்காவும் மாமாவும் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். நாலு சென்ட். போன தை மாதம் வீடு கட்டுவது என்று முடிவாயிற்று. கீழே கூடமும் சமையலறையும் ஒரு படுக்கையறையும், மேலே இரண்டு அறைகள், மொத்தம் சுமார் 1,900 சதுர அடி. மேஸ்திரியைப் பேசியாயிற்று, வங்கியில் கடன் விசாரித்தாயிற்று, பூமி பூஜைக்கு நாளும் குறித்தாயிற்று. பிளான் அப்ரூவல் என்ற இடத்தில்தான் நின்றுவிட்டார்கள். மாமாவின் நண்பர், "இப்போதெல்லாம் ஆன்லைனில் போட்டால் அன்றைக்கே அனுமதி வந்துவிடும்" என்றார். வரைபடம் போட்டுக் கொடுத்த எஞ்சினியர், "அதிகாரி பார்த்துக் கொடுக்கிற அனுமதிதான் நல்லது, நாளைக்குக் கேள்வி வராது" என்றார். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, எதில் போடுவது?"

நானும் சும்மா சொல்லிவிடக் கூடாது என்று விதிகளையும் இணையதளத்தையும் ஒரு வாரம் படித்தேன். கட்டுமானத் துறையில் இருக்கும் நண்பர்களிடமும் பேசினேன். இதே கேள்வியோடு பல குடும்பங்கள் இருக்கும் என்பதால் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். சுயசான்று முறையைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலை 22 அன்று தொடங்கியது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கொண்ட குடியிருப்பு என்றால், உரிமையாளர் கட்டட அனுமதிகளுக்கெல்லாம் பொதுவான ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, விதிப்படிதான் கட்டுவேன் என்று தானே உறுதி கொடுத்து, கட்டணத்தைக் கட்டினால் போதும். அனுமதி உடனே கிடைத்துவிடும். க்யூ.ஆர். கோடு போட்ட ஆணையை வீட்டிலிருந்தே தரவிறக்கிக்கொள்ளலாம். பரிசீலனைக் கட்டணம் கிடையாது, உட்கட்டமைப்புக் கட்டணம் கிடையாது, கட்டி முடித்தபின் அனுமதிப்படி கட்டியிருக்கிறது என்ற நிறைவுச் சான்றும் தேவையில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். அது மாநகராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று மாறும்.

மற்றது வழக்கமான முறை. இதிலும் விண்ணப்பம் அதே ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகத்தான். ஆனால் ஆவணத்தை ஒருவர் படிப்பார், வரைபடத்தை விதியோடு ஒப்பிடுவார், மனையை நேரில் வந்து பார்ப்பார், குறை இருந்தால் திருப்பி அனுப்புவார். அதெல்லாம் முடிந்த பிறகே கட்டணம் கட்டச் சொல்லி அனுமதி தருவார்கள். வீடு சிறியதென்றால் உள்ளாட்சி அமைப்பே பார்த்துவிடும். பெரிய கட்டடங்கள், சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் மற்ற இடங்களில் டி.டி.சி.பி. என்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் போகும். எத்தனை நாள் ஆகும் என்பது பாதி அலுவலகத்தின் கையிலும் பாதி உங்கள் ஆவணங்களின் கையிலும் இருக்கிறது.

இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் செட்பேக்குக்கும் (சுற்றிலும் காலியாக விட வேண்டிய இடம்) எஃப்.எஸ்.ஐ.க்கும் (மனையைப் போல் எத்தனை மடங்கு பரப்புக் கட்டலாம் என்ற கணக்கு) உயரத்துக்கும் அளவுகோல். சுயசான்றில் போட்டால் விதி தளர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. விதி மீறியிருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு மட்டும் அதிகாரியிடமிருந்து உங்கள் தலைக்கு மாறுகிறது.

இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். உடனடி அனுமதியில் மிச்சமாகும் அந்தச் சில வாரங்கள் இன்னொருவர் உங்கள் மனையையும் பத்திரத்தையும் பார்த்திருக்க வேண்டிய வாரங்கள். அந்தப் பார்வை உங்களுக்குத் தேவையா இல்லையா என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

அந்தப் பார்வையின் அருமை எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். 2011-இல் நான் வீடு கட்டியபோது எல்லாமே காகிதம்தான். நீல நகல் வரைபடம் ஆறு பிரதி, கோப்புக்கு நாடா, அலுவலகத்துக்கு நாலு மாத நடை. எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம். தரகர் கேட்டதையும், "சார் லீவு" என்ற பதிலையும் நினைத்தால் இன்றும் மனது கசக்கிறது. ஆனால் அதே அலுவலகத்தில் ஒரு வயதான அளவர் மனையின் எல்லை காட்டும் புலப்படத்தை விரித்து வைத்து, "தம்பி, உங்கள் மனையின் பின்கோடு வாய்க்கால் புறம்போக்கில் நாலு அடி இறங்குகிறதே, பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. விற்றவர் சொல்லவில்லை. என் எஞ்சினியர் கவனிக்கவில்லை. அன்றைக்கு அவர் கேட்காமல் விட்டிருந்தால் என் சமையலறைச் சுவர் இன்றைக்கு அரசு நிலத்தில் நின்றிருக்கும். அலைக்கழித்ததும் அந்த அலுவலகம்தான், காப்பாற்றியதும் அந்த அலுவலகம்தான்.

இந்த இரண்டு அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் நான் சுயசான்றைப் பார்க்கிறேன். அலைக்கழிப்பு போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசில் 600 சதுர அடி வீடு கட்டுகிறவர் ஒரு கையெழுத்துக்காக இருபது முறை பேருந்து ஏறக் கூடாது. அவருக்கு இந்தத் திட்டம் பெரிய விடுதலை. அதே சமயம், அந்த அளவர் கேட்ட கேள்வியைக் கணினி கேட்காது.

கணினி எதைப் பார்க்கிறது

"எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது, கம்ப்யூட்டரே சரிபார்த்துவிடும்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கணினி எதைச் சரிபார்க்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெரிய திட்டங்களுக்கு வரைபடத்தை மென்பொருளே அளந்து பார்க்கும் முறை புனே, ஹைதராபாத் போன்ற நகரங்களில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் சுவருக்கு ஒரு அடுக்கு, மனை எல்லைக்கு ஒரு அடுக்கு, படிக்கட்டுக்கு ஒரு அடுக்கு என்று மாநகராட்சி சொன்னபடி வரைந்து கொடுத்தால், செட்பேக், எஃப்.எஸ்.ஐ., உயரம் எல்லாவற்றையும் கணினி கணக்கிட்டு, எங்கே விதி மீறுகிறது என்று அறிக்கை கொடுத்துவிடும். சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ் முறையில் தட்டையான வரைபடத்துக்குப் பதில் முப்பரிமாண மாதிரியையே கொடுக்க வேண்டும். கட்டட ஆணையம், தீயணைப்பு, தண்ணீர், போக்குவரத்து என்று எல்லாத் துறைகளும் அந்த ஒரே மாதிரியைப் பார்த்துச் சேர்ந்து பதில் சொல்கின்றன. துறை துறையாக அலைய வேண்டாம்.

இதெல்லாம் உண்மையான முன்னேற்றம்தான். ஆள் பார்த்து விதி மாறுவது நிற்கிறது. எதனால் நிராகரித்தார்கள் என்பது எழுத்தில் வருகிறது. கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது தெரிகிறது. ஆனால் மென்பொருள் அளப்பது வரைபடத்தை. வரைபடத்தில் பக்கவாட்டில் அஞ்சு அடி விட்டிருக்கும், கட்டும்போது இரண்டு அடிதான் விட்டிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கத் தரைக்கு ஒரு ஆள் வந்து டேப் பிடித்தாக வேண்டும்.

சுயசான்றில் வரைபடத்தை அளக்கும் அந்தச் சோதனைகூடக் கிடையாது. அங்கே உங்கள் உறுதிமொழிதான் அடிப்படை. மனையின் அளவும் கட்டடத்தின் அளவும் வரம்புக்குள் இருக்கின்றனவா, ஆவணங்கள் ஏறியிருக்கின்றனவா, பணம் வந்ததா என்பதோடு உங்களுக்கான வாசல் திறந்துவிடும். நீங்கள் சொன்னது தவறென்று பின்னால் தெரிந்தால் அனுமதியே செல்லாமல் போகும். அப்போது நீங்கள் அனுமதி இல்லாமல் கட்டியவர் ஆகிவிடுவீர்கள். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அனுமதி இல்லாத கட்டடத்தை மூடி முத்திரை வைக்கவும் இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. "ஆன்லைனில் அனுமதி கொடுத்தது நீங்கள்தானே?" என்று அன்றைக்குக் கேட்க முடியாது, கையெழுத்து நம்முடையது.

மற்ற தென் மாநிலங்கள் இந்த இடைவெளியை எப்படி அடைக்கின்றன என்று பார்த்தேன். தெலங்கானாவின் டி.எஸ். பி-பாஸ் முறை 2020 நவம்பரில் வந்தது. 75 சதுர கஜம் வரையிலான சிறு மனையில் கட்ட அனுமதியே வேண்டாம், ஒரு ரூபாய் கட்டிப் பதிந்தால் போதும். 500 சதுர மீட்டர் மனை, 10 மீட்டர் உயரம் வரை சுயசான்றில் உடனடி அனுமதி. ஆனால் அனுமதி கொடுத்த பிறகு 21 நாளுக்குள் அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பொய் சொல்லிக் கட்டினால் நோட்டீஸ் இல்லாமலே இடிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். கடுமைதான். ஆனாலும் அந்த 21 நாள் எனக்குப் பிடித்திருக்கிறது. அஸ்திவாரம் தோண்டும் நிலையிலேயே தவறு தெரிந்துவிடும். கூரை போட்டபின் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேரளத்தில் 2024 ஜனவரி 1 அன்று தொடங்கிய கே-ஸ்மார்ட்டில் சிறு வீடுகளுக்குச் சில நொடிகளில் அனுமதி வருகிறது. அதைவிட என்னைக் கவர்ந்தது அதிலிருக்கும் "உங்கள் நிலத்தை அறியுங்கள்" என்ற வசதி. ஒரு இடத்தில் நின்றுகொண்டு கேட்டால், அந்த நிலத்தில் என்ன கட்டலாம், என்ன தடை இருக்கிறது என்று வரைபடத்தோடு காட்டும். கடற்கரை ஒழுங்குமுறை, விமான நிலைய உயரக் கட்டுப்பாடு போன்றவற்றை மனை வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். சுயசான்று கொடுக்கச் சொல்வதென்றால், எதைச் சரிபார்த்துச் சான்று கொடுப்பது என்பதற்கான கருவியையும் மக்கள் கையில் கொடுக்க வேண்டும். நம் ஊரிலும் இப்படி ஒன்று முழுமையாக வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மண்ணும் பத்திரமும்

சரி, நம் ஊருக்கு வருவோம். சுயசான்றில் போட்டவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று நண்பர்களைக் கேட்டபோது எல்லாரும் சொன்னது நிலத்தைத்தான், கட்டடத்தை யாரும் சொல்லவில்லை.

முதலாவது அளவு. பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு, சங்கிலி பிடித்து அளந்தால் இன்னொரு அளவு. அதிகாரி பார்க்கும் முறையில் இந்த மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். சுயசான்றில் பெரும்பாலானவர்கள் பத்திர அளவைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் இரண்டு அடி குறைந்தால்கூட அந்தக் குறை நேராகச் செட்பேக்கில் வந்து இடிக்கும்.

வரம்புக்கு விளிம்பில் நிற்கும் மனைகள் தனி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அஞ்சரை சென்ட் என்றால் 2,396, சுயசான்றுக்கு உள்ளே. அஞ்சே முக்கால் என்றால் 2,504.7, நாலே முக்கால் சதுர அடியில் வெளியே. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்ட், 2,400 சதுர அடி, உள்ளே வந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. எஃப்.எஸ்.ஐ. 2 என்பதால் ஒரு கிரவுண்டில் விதிப்படி 4,800 சதுர அடி வரை கணக்குப் போடலாம். சுயசான்றில் போனால் 3,500-இல் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துப் பெரிதாகக் கட்ட நினைப்பவர்கள் இதை முதலிலேயே யோசித்துவிட வேண்டும். இந்த வரம்புகள் 2024-இல் தொடங்கியபோது அறிவித்தவை. அரசு அவ்வப்போது விதிகளைத் திருத்துகிறது. அதனால் விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மனை அங்கீகாரம் பெற்றதா என்பது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதி கொண்டுவந்தது. மனை வாங்கியவர்களில் பலர் அந்தக் கட்டணத்தைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள். பத்திரம் பதிவாகியிருக்கிறது, பட்டா இருக்கிறது, அதனால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பத்திரமும் பட்டாவும் நிலம் உங்களுடையது என்று சொல்லும். அதில் வீடு கட்டலாம் என்று அவை சொல்லாது.

மூன்றாவது, சுற்றுப்புறம். தஞ்சாவூரில் இதை எல்லாரும் யோசிக்க வேண்டும். தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டவே கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பெரிய கோயில் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் டெல்டா முழுக்க ஊருக்கு ஊர் பாதுகாக்கப்பட்ட சிறு கோயில்களும் இருக்கின்றன. விமானப் படைத் தளம், ஏரிக் கரை, வாய்க்கால், உயர் அழுத்த மின்கம்பி, இவற்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. வழக்கமான முறையில் இதையெல்லாம் கேட்க ஒருவர் இருப்பார். சுயசான்றில் கேட்க வேண்டியவர் நீங்கள்.

இந்த வேலைக்கு டிஜிட்டல் வசதி பெரிய துணை. "எங்கிருந்தும் எந்நேரத்திலும்" தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று கிடைக்கிறது. 2011-இல் இதற்கெல்லாம் எனக்குத் தனித்தனியாக நாள் போனது. அக்காவின் மனைக்கு நான் இவற்றை ஒரே சாயங்காலத்தில் எடுத்து முடித்தேன்.

கம்பியை யார் பார்க்கிறார்கள்

எஞ்சினியர் சொன்ன வாதத்துக்கு வருகிறேன்: அதிகாரி பார்த்துக் கொடுத்தால் பாதுகாப்பு. நிலத்தைப் பொறுத்தவரை இது சரி. கட்டடத்தின் உறுதியைப் பொறுத்தவரை நான் இதை ஏற்கவில்லை.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவர்கள். அந்தக் கட்டடம் சி.எம்.டி.ஏ. அனுமதி பெற்றதுதான். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த நினைவு இன்னும் போகவில்லை. திட்ட அனுமதி என்பது எங்கே, எவ்வளவு, எதற்காகக் கட்டலாம் என்ற அனுமதி. பில்லர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது வேறு கணக்கு. 2019 விதிகள் அந்தப் பொறுப்பைக் கட்டமைப்புப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தர ஆய்வாளர் என்று பதிவு பெற்றவர்களின் கையெழுத்தின் மேல் வைக்கின்றன. விதிகளில் பேஸ்மட்ட நிலையில் ஆய்வு உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில், சிறு தனி வீடு என்றால் அதிகாரி வருவது மனையைப் பார்க்க ஒருமுறை, அவ்வளவுதான். கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் போடும் நாளில் யாரும் வருவதில்லை. கடைசியிலும் வருவதில்லை, சிறு குடியிருப்புகளுக்கு வழக்கமான முறையிலும் நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு இருக்கிறது.

வங்கியிலிருந்து ஒருவர் வருவாரே என்பார்கள். அவர் மதிப்பீட்டாளர். அடுத்த தவணை விடுமளவுக்கு வேலை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எத்தனை அங்குல இடைவெளியில் கட்டியிருக்கிறது என்பது அவர் வேலை அல்ல.

ஆக, உறுதி என்ற கணக்கில் இரண்டு முறைகளும் சமம். இரண்டிலும் அது உங்களையும் நீங்கள் அமர்த்தும் எஞ்சினியரையும் பொறுத்தது. இதை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் "முறையாக அப்ரூவல் வாங்கியாயிற்று" என்ற நிம்மதியில்தான் பலர் கட்டுமானத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

நான் அக்காவுக்குச் சொன்ன ஏற்பாடு இதுதான். வரைபடம் போட்டவர் வேறு, மேஸ்திரி வேறு. இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நான்கு நாள் மட்டும் வரவழைத்துப் பணம் கொடுத்துவிட வேண்டும். அஸ்திவாரக் குழி தோண்டி, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒரு நாள். அஸ்திவாரத்துக்கு மேல் தரைமட்டத்தில் வரும் பிளிந்த் பீமுக்குக் கம்பி கட்டியதும் ஒரு நாள். கீழ்க் கூரைக்கும் மேல் கூரைக்கும் கம்பி கட்டி முடித்ததும் ஒவ்வொரு நாள். அவர் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்காமல் மிக்சர் வண்டிக்குச் சொல்லக் கூடாது. மேஸ்திரிக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் வருத்தப்படுவார், அவரையும் மதிக்க வேண்டும்.

அவர் வராத நாட்களில் வீட்டுக்காரர் பார்க்கக்கூடியவையும் இருக்கின்றன. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டை இருக்கிறதா? அந்த இடைவெளி கூரைக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. ரிங்கின் கொக்கி உள்பக்கமாக நன்றாக மடங்கியிருக்கிறதா, வெறும் எல் வடிவத்தில் நிற்கிறதா? கான்கிரீட் போட்டபின் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட்டார்களா? ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் இடமும் பதியும்படி கைபேசியில் படம் எடுத்து ஒரு தனி ஆல்பத்தில் போட்டு வையுங்கள். அயல் மாநிலங்களில் ஆய்வாளர்கள் செயலியில் இடக்குறியோடு படம் ஏற்றுகிறார்களே, அதே வேலைதான். எந்தக் குழாய் எந்தச் சுவரில் போகிறது என்பதற்கு இந்தப் படங்கள் பத்து வருடம் கழித்தும் கை கொடுக்கும். வீட்டை விற்கும்போது வாங்குபவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மழைநீர் சேகரிப்புக் குழியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2003-லிருந்து அது எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். கணக்குக்கு ஒரு குழாயைச் சொருகி முடித்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

கடன், மின்சாரம், பிற்பாடு விற்பது

வங்கி கேட்பது அனுமதி பெற்ற வரைபடம். சுயசான்றில் வருவதும் சட்டப்படி அனுமதிதான். ஆனாலும் கிளைக்குக் கிளை பழக்கம் மாறுவதால், கட்டணம் கட்டுவதற்கு முன் கடன் கொடுக்கும் கிளையிலேயே நேராகக் கேட்டுவிடுவது நல்லது. மின் இணைப்பிலும் அதேதான்: நிறைவுச் சான்று தேவையில்லாத வகை என்பதைக் காட்டும் ஆணையை அச்செடுத்து வைத்துக்கொண்டால் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதியற்ற கட்டடங்கள் பற்றி நாடு முழுவதற்கும் சில உத்தரவுகளைப் பிறப்பித்தது. கட்டி முடியும் வரை அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் மாட்டி வைக்க வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும், மின்சாரமும் தண்ணீரும் நிறைவுச் சான்றைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. காலம் செல்லச் செல்ல இந்தப் பிடி இறுகத்தான் செய்யும். இன்றைக்கு யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதை நம்பிப் பக்கவாட்டு இடத்தைச் சாப்பிட்டுவிடுபவர்கள் நாளைக்கு விற்கும்போதும் மேலே ஒரு மாடி எடுக்கும்போதும் மாட்டுவார்கள். அனுமதியே இல்லாமல் கட்டுவது, ஊராட்சியில் ரசீது ஒன்றை வாங்கிக்கொண்டு ஆரம்பிப்பது என்ற மூன்றாவது வழியைப் பற்றி நான் தனியாக எழுதாததற்கும் இதுவே காரணம். உடனடி அனுமதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்த வழியில் போக ஒரு நியாயமும் இல்லை.

எனவே என் கணிப்பு இப்படி. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் நாலு பக்கமும் நேரான மனை, பட்டா தனிப் பெயரில், அளவு மூன்றிலும் ஒத்துப்போகிறது, தரைத்தளமும் ஒரு மாடியும் போதும் என்றால் சுயசான்றிலேயே போடுங்கள், தயங்க வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை உரிமம் பெற்ற சர்வேயருக்கும் கட்டமைப்புப் பொறியாளருக்கும் ஒதுக்குங்கள். கூட்டுப் பட்டா, நத்தம், பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து, கோணல் மனை, பக்கத்தில் வாய்க்கால் அல்லது ஏரி, வரம்பின் விளிம்பில் நிற்கும் அளவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வழக்கமான முறைக்குப் போங்கள். இரண்டு மாதம் போனால் போகட்டும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அங்கே ஒருவர் கேட்கக்கூடும். கீழே கடை, மேலே வீடு என்று நினைப்பவர்களுக்கும் அதுவே வழி, சுயசான்று குடியிருப்புக்கு மட்டும்தான். பிற்பாடு முன்னறையைக் கடையாக மாற்றிக்கொள்ளலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு குடியிருப்பு என்று உறுதி கொடுக்காதீர்கள்.

அக்காவின் மனை முதல் வகை என்றுதான் நினைத்திருந்தோம். ஆவணம் எல்லாம் சுத்தம். இருந்தாலும் சர்வேயரை வைத்து அளந்தோம். முன்பக்க அகலம் பத்திரத்தில் 36 அடி, தரையில் முப்பத்தஞ்சேகால். பக்கத்து மனைக்காரர் வேலி போட்டபோது கல்லைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறார். அவரிடம் மாமா நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். சண்டை போட்டு வாங்கும் அளவுக்கு இடம் இல்லை, காலத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வேறு. தரையில் இருக்கும் அளவையே வைத்துக்கொண்டு எஞ்சினியர் வரைபடத்தைத் திருத்தினார். கூடத்தின் அகலத்தில் முக்கால் அடி குறைந்தது. அப்புறம் சுயசான்றில் போட்டோம். மத்தியானம் பணம் கட்டிய கொஞ்ச நேரத்தில் ஆணை வந்துவிட்டது. மாமா அதை அச்செடுத்துக் கண்ணாடி உறையில் போட்டு, மனையின் முன்னால் நட்ட கம்பத்தில் வரைபடத்தோடு சேர்த்து மாட்டியிருக்கிறார். பிளிந்த் பீமுக்குக் கம்பி கட்டுகிறார்கள். பொறியாளர் வெள்ளிக்கிழமை வருகிறார்.